ராஜாவும் குதிரையும் 42,088 குண்டுகளும்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஒரு பெரிய மனிதருக்குச் சிலை வைக்க மூன்று சரக்கு இருந்தன: பளிங்கு, வெண்கலம், காரீயம். பளிங்கைச் செதுக்க நல்ல கை வேண்டும், பொறுமை வேண்டும். வெண்கலத்துக்கு விலையும் அதிகம், உலையின் சூடும் அதிகம். ஈயம் சட்டென்று உருகும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தானே ஓடி நிரம்பும். மேலே தங்க ரேக்கு ஒட்டிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது ஈயம் என்றே தெரியாது. இங்கிலாந்துப் பிரபுக்களின் தோட்டங்களில் நின்ற ரோமானிய தெய்வங்கள் பலரும் உள்ளுக்குள் ஈயம்தான்.

1766-இல் நியூயார்க் மாகாணச் சட்டசபை இரண்டு சிலைகள் வைப்பதென்று தீர்மானித்தது. தன் அமெரிக்கக் குடியேற்றங்களில் பத்திரிகை முதல் சீட்டுக்கட்டு வரை காகிதம் என்று பேர் உள்ள கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் முத்திரை வரி போட்டிருந்த பிரிட்டன், அந்த ஆண்டு மார்ச்சில் வரியைத் திரும்பப் பெற்றது. அதற்கு நன்றியாக நாடாளுமன்றத்தில் அமெரிக்கர்களுக்காக வாதாடிய வில்லியம் பிட்டுக்கு ஒன்று, மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒன்று. இரண்டு வேலையும் ஜோசஃப் வில்டன் என்ற லண்டன் சிற்பியிடம் போயின. சாதாரண ஆள் இல்லை. ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் பழகியவர், ராயல் அகாடமியை நிறுவியவர்களில் ஒருவர். 2023-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடிக்கொண்டு திரும்பியபோது ஏறி வந்த தங்கமுலாம் பூசிய ராஜரதத்தின் சிற்ப வேலை இவர் கைங்கரியம்.

பிட்டுக்குப் பளிங்கு. ராஜாவுக்கு ஈயம்.

இதில் அவமதிப்பு ஏதும் இல்லை. ராஜா குதிரைமேல் உட்கார வேண்டும், குதிரை ஒரு காலைத் தூக்கியிருக்க வேண்டும். ரோமில் நிற்கும் மார்க்கஸ் அரேலியஸ் சிலைதான் முன்மாதிரி. தூக்கிய குதிரைக்காலைப் பளிங்கில் நிறுத்துவது தலைவலி. ஈயத்தில் ஊற்றி, தங்கம் பூசி, ராஜாவுக்கு ரோமானியச் சக்கரவர்த்தியின் உடுப்பையும் மாட்டி, சுமார் 4,000 ராத்தல் எடையில் வேலையை முடித்தார் வில்டன். நம் கணக்கில் ஏறத்தாழ 1,800 கிலோ. 1770 ஜூனில் கப்பல் நியூயார்க் வந்தது. ஆகஸ்டில், மன்ஹாட்டனின் தெற்கு முனையில் பவுலிங் கிரீன் என்ற புல்வெளியில் பீரங்கி முழங்கச் சிலை திறக்கப்பட்டது. இன்று வால் ஸ்ட்ரீட் பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் வெண்கலக் காளை நிற்பது அதற்குப் பக்கத்தில்தான்.

நன்றி அதிக நாள் தங்கவில்லை. மறு வருஷமே சிலையைச் சுற்றி இரும்புவேலி போட வேண்டி வந்தது. 1773-இல் சிலைகளைச் சேதப்படுத்தினால் தண்டனை என்று சட்டமும் போட்டார்கள். வேலி இன்றும் இருக்கிறது. அதன் கம்பங்களின் உச்சியில் இருந்த அலங்காரங்களை யாரோ ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அறுத்த தடம் கையில் தட்டுப்படும்.

ஒரு துப்பாக்கிக் குண்டின் கதைக்கு இவ்வளவு பெரிய பூர்வீகம் தேவையா என்றால், தேவைதான். 1775 ஏப்ரலில் போர் வெடித்தபோது குடியேற்றக்காரர்களிடம் ஆள் இருந்தது, கோபம் இருந்தது, சரக்கு இல்லை. வெடிமருந்துக்குப் பஞ்சம் என்பது எல்லோரும் அறிந்தது. ஈயத்துக்கும் அதே கதி. ஈயம் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த பண்டம். அந்த இங்கிலாந்தோடுதான் இப்போது சண்டை. வர்ஜீனியா மலைப்பக்கத்தில் ஒரு சுரங்கம், கனெக்டிகட்டில் மிடில்டவுனில் ஒரு சுரங்கம் என்று தோண்டிப் பார்த்தார்கள். பெரும் படைக்கு அது காணாது.

ஆக, ஈயம் மண்ணுக்குள் இல்லையென்றால் வீட்டுக்குள் இருக்கும். அக்காலத்து ஜன்னல்களை மேலே தூக்கித் திறப்பார்கள். கண்ணாடிச் சட்டம் கீழே விழாமலிருக்க, சுவருக்குள் கயிற்றில் ஈய எடை ஒன்று தொங்கும். 1776-இல் நியூயார்க் நகரத்து வீடுகளில் இந்த எடைகளைக் கழற்றி, நிறுத்து, கணக்கு எழுதி எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் சில ராத்தல் கிடைக்கும். ஜன்னல் ஜன்னலாக அலைந்து ஈயம் சேர்க்கிற ஊரிலேயே நாலாயிரம் ராத்தல் ஈயம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறது.

1776 ஜூலை 9 மாலை ஆறு மணிக்கு, சுதந்திரப் பிரகடனத்தைப் படைகளுக்கு வாசித்துக் காட்டும்படி அமெரிக்கத் தலைமைத் தளபதி வாஷிங்டன் உத்தரவிட்டிருந்தார். ராஜாவின் குற்றங்களை வரிசையாக அடுக்கும் காகிதம் அது. கேட்டுவிட்டுக் கூட்டம் பிராட்வே வழியாகத் தெற்கே நடந்தது. சிப்பாய்கள், மாலுமிகள், ஊர்க்காரர்கள். கயிறு கட்டி இழுத்தார்கள், ராஜா குதிரையோடு விழுந்தார். பிற்கால ஓவியர்கள் இந்தக் காட்சியைப் பலவாறாக வரைந்திருக்கிறார்கள். ரோமானிய உடுப்புக்குப் பதில் ராஜாவுக்கு அவர் காலத்துக் கோட்டும் கிரீடமும் மாட்டிய படங்களும் அதில் உண்டு. மறுநாள் வாஷிங்டன் பிறப்பித்த உத்தரவு சுவாரஸ்யமானது. நோக்கம் நல்லதென்றாலும் இது ஒழுங்கற்ற கலகம், இப்படிப்பட்ட வேலையை உரிய அதிகாரம் உள்ளவர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று கண்டித்தார். ஈயத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து நியூயார்க்கின் அஞ்சல் அதிகாரி எபனேசர் ஹஸார்ட், தளபதி கேட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜாவின் துருப்புகள்மேல் இனி உருக்கிய ராஜகம்பீரமே சுடப்படும் என்பது அதில் ஒரு கேலி. ஆக, சிலை விழுந்த வாரத்திலேயே அது எங்கே போகப்போகிறது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

தலை மட்டும் தனி வழி போனது. மூக்கைச் சிதைத்து, தலையிலிருந்த இலைக்கிரீடத்தை வெட்டி, ஒரு துப்பாக்கிக் குண்டையும் மண்டைக்குள் பாதி அறைந்து, கோட்டை ஒன்றில் கம்பத்தில் ஏற்றும் எண்ணத்தோடு நகரின் வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சாராயக்கடையில் அது கிடந்தது. பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் மான்ட்ரசர் ஆள் அனுப்பி அதைத் திருடச் செய்து மண்ணில் புதைக்க வைத்தார். பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்ததும் தோண்டி எடுத்து, இந்த நன்றிகெட்டவர்களின் லட்சணத்தைப் பாருங்கள் என்று லண்டனில் டவுன்ஷெண்ட் பிரபுவுக்கு அனுப்பினார். 1777 நவம்பரில் அந்த வீட்டுக்கு விருந்து போன தாமஸ் ஹட்சின்சன், மாசசூசெட்ஸின் பழைய ஆளுநர், சோபாவில் எதையோ மூடியிருந்த துணியை வீட்டம்மா விலக்கியதும் தங்கம் பூசிய ராஜாவின் தலையைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

முண்டமும் குதிரையும் துண்டுதுண்டாகப் படகேறி, கனெக்டிகட் கரையில் நார்வாக் துறைக்குப் போயின. அங்கிருந்து லிச்ஃபீல்டு என்ற உள்நாட்டு ஊர், சுமார் 80 கிலோமீட்டர். மாட்டுவண்டிப் பாதை, மேடும் பள்ளமும். கடற்படை வைத்திருக்கும் எதிரிக்கு லிச்ஃபீல்டு எட்டாது. படைக்கான பண்டங்களைப் பதுக்க ஏற்ற ஊர். அதைவிட முக்கியம், அங்கே ஆலிவர் வோல்காட்டின் வீடு இருந்தது. குடியேற்றங்களின் பொதுப்பேரவையான காங்கிரஸில் கனெக்டிகட்டின் பிரதிநிதியாக இருந்தவர், படைத் தலைவர். அந்தக் கோடையில் உடம்பு சரியில்லாமல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஊர் திரும்பியவர், பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டதே அக்டோபர் வாக்கில்தான்.

அவர் மகன் ஃபிரடெரிக் அப்போது ஒன்பது வயது நிரம்பாத பையன், பின்னாளில் நீதிபதி. அவர் சொல்லிச் சென்ற நினைவின்படி, வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டார்கள். அப்பா விறகுக் கோடாலியால் ராஜாவை வெட்டிப் போட்டார். பெண்பிள்ளைகள் குண்டு வார்த்தார்கள், அது அவர்களுக்கு ஒரு குதூகலமாக இருந்தது.

கோடாலியால் உலோகத்தை வெட்ட முடியுமா என்று கேட்கலாம். ஈயத்தை வெட்டலாம். நகத்தால் கீறினாலே கோடு விழும். இந்த மென்மைதான் மலிவாகக் குண்டு வார்ப்பதன் முதல் அனுகூலம். இரண்டாவது, சூடு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். செம்புக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், துருத்தியும் உலையும் வேண்டும். ஈயத்துக்கு விறகடுப்பு போதும், ஓர் இரும்புச்சட்டி போதும். பட்டறையே தேவையில்லாமல் தோட்டத்தில் இந்த வேலை நடந்ததற்குக் காரணம் இதுதான்.

மற்றபடி வேண்டியது ஓர் அகப்பையும் அச்சும். அச்சு பார்ப்பதற்கு நம் பாக்குவெட்டி மாதிரி இருக்கும். இரண்டு கைப்பிடி, நடுவில் ஒரு கீல். மூடினால் இரண்டு தாடைகளிலும் உள்ள அரைக்குழிகள் சேர்ந்து முழு உருண்டையாகும், மேலே ஒரு சிறு துவாரம். படைக்கு வார்ப்பதென்றால் ஒரே முறையில் பல குண்டுகள் விழும் பித்தளை அச்சும் உண்டு.

சிலைத் துண்டைச் சட்டியில் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அடியிலிருந்து சரியும். வண்டிப் பாதையின் மண், ஈயத்தின் சொந்தக் கசடு எல்லாம் மேலே சாம்பல்நிற ஏடாக மிதக்கும். கொஞ்சம் கொழுப்போ மெழுகோ போட்டுக் கிளறினால் கசடு பிரியும், அதை வழித்து எறிந்தால் கீழே கண்ணாடிபோல் உலோகம் பளபளக்கும். முதல் நாலைந்து குண்டுகள் உருப்படாது. அச்சு குளிர்ந்திருப்பதால் ஈயம் பாதியிலேயே உறைந்து, தோல் சுருங்கிய உருண்டையாக வெளியே வரும். கவலையில்லை, மறுபடி சட்டிக்குள். அச்சு சூடேறியபின் உருண்டை வழவழவென்று விழும். ரொம்பச் சூடாகிவிட்டால் பனி படர்ந்ததுபோல் வெளுக்கும், அப்போது அச்சைச் சற்று ஆறவிட வேண்டும். துவாரத்தில் உறைந்து நிற்கும் வாலை நறுக்க வேண்டும், அந்த வாலும் சட்டிக்கே. கசடு போக ஒரு குன்றிமணிகூட வீண் இல்லை. பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. ஈரத் துண்டு ஒன்று உருகிய ஈயத்துக்குள் அமிழ்ந்தால் ஆவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். அந்தத் தோட்டத்துக் கொட்டகை வெயிலுக்கு மட்டும் போட்டதல்ல என்பது என் ஊகம்.

பயப்பட்டிருக்க வேண்டிய இன்னொன்று ஈயமேதான். ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது இன்றைய மருத்துவம். குழந்தைகளுக்கு இன்னும் மோசம். அமெரிக்காவில் இன்றும் செலவைக் குறைக்கச் சொந்தமாகக் குண்டு வார்க்கிறவர்கள் உண்டு. கார் சக்கரத்தின் விளிம்பில் மாட்டும் பழைய ஈய எடைகள் அவர்களுடைய ஜன்னல் எடை. ஆனால் அவர்கள் கையுறை போட்டு, காற்றோட்டம் பார்த்து, பிள்ளைகளை விலக்கிவைத்துச் செய்கிறார்கள். ஈயக் குண்டால் விழுந்த விலங்கின் மிச்சத்தைத் தின்று பெருங்கழுகுகள் சாவதால், கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

வோல்காட் கணக்கில் கெட்டிக்காரர். யார் எத்தனை செய்தார்கள் என்று தன் கைப்பட எழுதி வைத்த தாள் பிழைத்திருக்கிறது. திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. மகள் லாரா 8,378. மகள் மேரி ஆன் 10,790. மகன் ஃபிரடெரிக் 936. திருமதி பீச் 1,802. பலபேர் சேர்ந்து செய்தது 2,182. அவசர அழைப்பு வந்தபோது லிச்ஃபீல்டு ஊர்ப்படைக்குக் கொடுத்தது 50. கர்னல் விகிள்ஸ்வொர்த்தின் படைப்பிரிவுக்குக் கொடுத்தது 300. மொத்தம் 42,088.

கூட்டிப் பார்த்தேன், ஒன்று குறையவில்லை. அந்தக் காலத்துத் தாள்களில் இது அபூர்வம். இன்னும் உற்றுப் பார்த்தால், கணக்கு வெறும் குண்டுக்கானது அல்ல, தோட்டாவுக்கானது. காகிதத்தைச் சுருட்டி, அடியில் குண்டும் மேலே மருந்தும் வைத்து மடித்த பொட்டலம்தான் அந்நாள் தோட்டா. பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு கட்டு. ரூத் மார்வின் பெயருக்கு நேரே பழைய கணக்கில் 6,204 என்றும், நீதிமன்றக் கட்டடத்துக்கு இன்னும் அனுப்பாதது 449 கட்டு என்றும் இருக்கிறது. 449-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 5,388, இரண்டையும் கூட்டினால் 11,592. சிலை உடைத்த கூட்டத்தைப் பற்றி ஓவியங்கள் இருக்கின்றன. பதினோராயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பொட்டலம் மடித்த பெண்ணைப் பற்றி இந்த ஒரு வரிதான். பதினொரு வயது மேரி ஆன் மூன்று வயது மூத்த அக்காவைவிட 2,412 அதிகம் செய்திருக்கிறாள். தம்பியின் 936-ஐப் பார்த்தால், குதூகலம் என்று அவர் சொன்னது யாருடைய குதூகலம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி எடை. நம் ஊரில் 12 போர் துப்பாக்கி என்கிறோமே, அந்தப் பன்னிரண்டுக்குப் பொருள் இதுதான்: அதன் குழாய்க்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல். குழாய் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை கூடும். அன்றைய அமெரிக்கப் படையில் ஆளுக்கொரு விதமான துப்பாக்கி. பிரிட்டிஷ் துப்பாக்கியின் வாய் முக்கால் அங்குலம், பிரெஞ்சுத் துப்பாக்கி அதைவிடக் குறுகல். இதில் வெடிமருந்துக் கரி குழாயில் படியும் என்பதால் குண்டை இன்னும் சற்றுச் சிறிதாகவே வார்ப்பார்கள். ராத்தலுக்கு 16 என்று வைத்தால் 42,088 குண்டுக்கு 2,630 ராத்தல் ஆகும். 20 என்று வைத்தால் 2,104. சிலையோ 4,000.

மிச்சம்? தலை லண்டன் போய்விட்டது. கசடில் கொஞ்சம் போயிருக்கும். பாக்கிக்கு ஒரு பழைய கதை உண்டு. நார்வாக்கிலிருந்து லிச்ஃபீல்டு போகும் வழியில் ஓர் ஊரில் வண்டிகள் நின்றபோது, ராஜவிசுவாசிகள் சில துண்டுகளைத் திருடிச் சதுப்பிலும் வயலிலும் ஒளித்துவிட்டார்கள் என்று. அந்த ஊரின் பெயர் வில்டன். சிற்பியின் பெயரேதான், தற்செயல். 1871-இல் அங்கே ஒரு பண்ணையில் குதிரையின் வால் கிடைத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1972-இல், உலோகம் தேடும் கருவியோடு திரிந்த ஒருவருக்குச் சேணத்தின் ஒரு துண்டு கிடைத்தது. 1991-இல் ஒரு வீட்டு முற்றத்தைத் தோண்டும்போது ராஜாவின் கை, முழங்கை வரை. அந்தக் கை 2019-இல் ஏலத்துக்குப் போனது. ராத்தலுக்கு இருபது குண்டு என்று மதிக்கப்பட்ட ஈயம், உருகாமல் தப்பியதால் கலைப்பொருள் ஆகிவிட்டது.

சிலை நின்ற பளிங்குப் பலகைக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் 1783-இல் இறந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவருக்கு அது கல்லறைக் கல். பிறகு ஒரு வீட்டின் வாசற்படி. இப்போது நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில், குதிரைவாலோடு இருக்கிறது. ராஜாவோடு சேர்ந்து வந்த வில்லியம் பிட்டும் அங்கேதான். நகரைப் பிடித்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பழிக்குப் பழியாக அவர் தலையையும் கைகளையும் உடைத்தார்கள். பளிங்கை உருக்க முடியாது, அதனால் முண்டம் முண்டமாகவே தங்கிவிட்டது.

சரி, வார்த்த குண்டுகள் என்ன ஆயின? 1778 ஜூன் 28 அன்று நியூ ஜெர்சியில் மான்மத் என்ற இடத்தில் சுட்டெரிக்கும் வெயிலில் பெரும் சண்டை நடந்தது. அந்தக் களத்தைத் தொல்லியலாளர்கள் பல ஆண்டுகள் உலோகக் கருவிகளால் அலசி, குண்டுகளைக் குவித்திருக்கிறார்கள். உருண்டையாகவே இருப்பவை, எதிலோ மோதிச் சப்பையானவை. ஊடுகதிர் பாய்ச்சி உலோகக் கலவையை அளக்கும் ஒரு கருவியால் அவற்றில் சிலவற்றையும் சிலையின் துண்டுகளையும் ஒப்பிட்டார்கள். சில குண்டுகள் பொருந்துகின்றன என்பது அவர்கள் முடிவு. அது ராஜாவின் காலா, குதிரையின் காலா என்று அந்தக் கருவியால் சொல்ல முடியாது. குண்டின் மேலே வால் நறுக்கிய இடம் மட்டும் சிலதில் இன்னும் தட்டையாக இருக்கிறது.